நாலாவது அசைவு

கராத்தேல 'கட்டா'ன்னு ஒண்ணு இருக்குங்க. எதிராளியே இல்லாம, காத்துல தனியா செய்யுற வரிசை. நம்ம சிலம்பக்காரங்க குத்துவரிசை போடுவாங்களே, அது மாதிரி. மஞ்சள் பெல்ட்டுக்காக மனப்பாடம் பண்ணி, டெஸ்ட்ல செஞ்சு காட்டிட்டு மறந்துடுறவங்கதான் அதிகம். நம்ம செமஸ்டர் மாதிரியே!

ஷோட்டோகான் பாணியில முதல் கட்டா, ஹெய்யான் ஷோடான். ஒகினாவாவுல இட்டோசு ஆங்கோ பள்ளிப் பிள்ளைங்களுக்காக அமைச்ச வரிசைகள்ல ஒண்ணு. 1922-ல டோக்கியோவுல கராத்தே செஞ்சு காட்டின புனகோஷி கிச்சின், முதல் அடி நம்ம பக்கத்துல இருந்து வரக்கூடாதுன்னு சொன்னவர். அதுக்கேத்த மாதிரி இந்தக் கட்டாவும் தடுப்புலதான் ஆரம்பிக்கும்.

நாலாவது அசைவைக் கவனிங்க. வலது கையை வெடுக்குன்னு இழுத்து, முன்னங்காலையும் உள்ள வாங்கி, முஷ்டியைச் சுத்தி மேலிருந்து இறக்கணும். சும்மா அழகுக்கு இல்ல. மணிக்கட்டைப் பிடிச்சவன்கிட்ட இருந்து கையை விடுவிக்கிற வழி அது. ஹாஸ்டல்ல என் ரூம்மேட்டை இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். அவ என்னைவிடப் பலசாலி. கையை மட்டும் இழுத்தா அசையவே இல்ல. அவ கட்டைவிரல் பக்கமா திருப்பி, காலையும் சேர்த்து வாங்கினேன். மொத்த உடம்பு எடையும் இழுத்துச்சு, பிடி விட்டுப்போச்சு.

சாயங்காலம் வன்னியம்பட்டி விலக்குல இறங்கித் தனியா நடக்குற தோழிகளே, இதை ஒரு இருபது தடவை ஆள் வச்சுப் பழகிப் பாருங்க. பிடி விட்டதும் நின்னு சண்டை போட வேணாம், வெளிச்சம் இருக்கிற பக்கம் ஓடிடுங்க.