லுய் லௌ: மதிலுக்குள் ஓர் எல்லை மாகாணம்

ஹனோயிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரம் போனால் பாக் நின் மாகாணத்து நெல்வயல்கள். அங்கே லுங் கே கிராமத்தை ஒட்டித் தேய்ந்து கிடக்கும் மண்மேடுதான் லுய் லௌ கோட்டையின் மதில். ஹான் பேரரசின் தெற்கு எல்லைப்புறத்து ஜியாவோஜி மாகாணத்தின் நிர்வாக ஊர் இது.

எல்லைப்புறம் என்றதும் ஆளில்லாக் காட்டை நினைக்க வேண்டாம். கி.பி. 2-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஜியாவோஜியில் 7,46,237 பேர். இன்றைய குவாங்சோ அடங்கிய நன்ஹாய் மாகாணத்திலோ 94,253 பேர்தான்.

கி.மு. 111-இல், இப்பகுதியை அதுவரை ஆண்ட நான்யுவே அரசை வீழ்த்தியபோது, புதிய மாகாணங்கள் பழைய வழக்கப்படியே நடக்கட்டும், வரியும் வேண்டாம் என்றுதான் பேரரசு தொடங்கியது. நெல்வயல்களை ஆண்ட லாக் தலைவர்கள் தங்கள் இடத்திலேயே இருந்தார்கள். பிடி இறுகியதும் கி.பி. 40-இல் லாக் தலைவர் குலத்து ட்ருங் சகோதரிகள் கிளர்ந்தெழுந்தார்கள். 43-இல் அவர்களை ஒடுக்கிய தளபதி மா யுவான், உள்ளூர்த் தலைவர்களின் வெண்கல முரசுகளை உருக்கிக் குதிரைச் சிலை வார்த்தான். ஆனால் 1998-இல் தொல்லியலாளர் நிஷிமுரா மசனாரி இந்த மதிலுக்குள்ளேயே கண்டெடுத்தது அதே வகை முரசை வார்க்கும் களிமண் அச்சின் துண்டு! ஆட்சியாளர் கோட்டைக்குள் ஆளப்பட்டவரின் முரசு. இந்த ஊரைப் புரிந்துகொள்ள வரலாற்று ஏடுகளைவிட அந்தத் துண்டையே நம்புவேன்.

184-இல் மறுபடி கலகம். முத்து, தந்தம், ஆமையோடு என்று விலையுயர்ந்த சரக்கு விளையும் இடம். வந்த அதிகாரிகள் மடியை நிரப்பிக்கொண்டு மாற்றல் கேட்டுப் போவார்கள். வரி தாளவில்லை, முறையிடத் தலைநகரோ எட்டாத தூரம். புதிதாக வந்த ஜியா ஜோங் வரிச்சுமையைக் குறைத்து, நல்ல அதிகாரிகளை அமர்த்தினார்; ஓராண்டில் ஊர் அடங்கியது.

அவருக்குப் பின் இங்கே ஆண்டவர் ஷி சியே. முன்னோர் வடக்கிலிருந்து வந்தவர்கள். குடும்பமோ பல தலைமுறையாகத் தெற்கில் வேர்விட்டது. ஹான் பேரரசு சிதறிக்கொண்டிருந்த நாற்பது ஆண்டுகள் இங்கே போர் இல்லை. வடக்கிலிருந்து தப்பிய அறிஞர்கள் இவரிடம் அடைக்கலம் புகுந்தார்கள். இவர் வெளியே கிளம்பினால் மணியும் முரசும் குழலும் முழங்கும். ஹூ எனப்பட்ட மேற்கத்திய அயலார் பல பத்துப்பேர் தூபம் ஏந்தித் தேரோடு நடப்பார்கள் என்று சீன வரலாற்று ஏடு சொல்கிறது. பக்கத்திலிருக்கும் ஸௌ புத்தர் கோயிலின் தலபுராணமும் ஓர் இந்தியத் துறவியிடமிருந்தே தொடங்குகிறது. மேகம், மழை, இடி, மின்னல் என நான்கு புத்தர்களை இந்த வட்டாரம் வணங்குகிறது.

வடக்கே வூ அரசின் சுன் சுவானுக்கு ஷி சியே ஆண்டுதோறும் வாசனைப் பொருளும் துணியும் தேங்காயும் வாழைப்பழமும் அனுப்பிவைத்தார். கேட்பதைக் கொடுத்து ஆளை வெளியே நிறுத்தும் ராஜதந்திரம் அது. சீன அதிகாரியான இவருக்கு வியட்நாமியர் கோயிலே கட்டியிருக்கிறார்கள். கல்வித் தந்தை என்பது பட்டம்.

226-இல், 90 வயதில் அவர் இறந்தார். வூ அரசு தென் மாகாணங்கள் அடங்கிய பெரும் வட்டாரத்தைப் பிரித்துத் தன் ஆட்களை அனுப்பியது. எதிர்த்த மகன் ஷி ஹுய்யை, சரணடைந்தால் உயிருக்குப் பயமில்லை என்று வரவழைத்துச் சகோதரர்களோடு வெட்டினார்கள். 248-இல் தெற்கே ஜியூஜன் மாகாணத்தில் ட்ரியெவ் அம்மையின் தலைமையில் அடுத்த கலகம் வெடித்தது.