எளைக்கிறது

‘எளச்சுட்டியேடா’ என்பது எங்க காலனியில் நலம் விசாரிப்பல்ல, துக்க விசாரிப்பு. வேலையில்லாத ஐப்பசி, கார்த்திகை அடமழைகளைக் கூழுக்கும் வழியில்லாமல் கடந்தவர்கள் அவர்கள். பிள்ளைக்குச் சதை போட்டால் அது மானம்.

அப்படித்தான் நான் 82 கிலோ ஆனேன். கூட்டம், மறியல் என்று அலைகையில் நாளுக்கு ஏழெட்டு டீ, ராத்திரி பரோட்டா. சர்க்கரை நோய் வாசலில் நிற்கிறது என்றார் டாக்டர். ஆசியர்களுக்கு உடல் நிறை எண் 23ஐத் தொட்டாலே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் சொல்லியிருக்கிறது. எனக்கு 30.

பட்டினி கிடக்கவில்லை. பட்டினி வேறு, அளவு வேறு. டீயில் சர்க்கரையை விட்டேன். 2011 முதல் ரேஷனில் இலவசமாக வரும் அரிசிச் சோற்றைப் பாதியாக்கி, கீரையும் பயறும் கொழுப்பெடுத்த மாட்டுக்கறியும் சேர்த்தேன்.

‘ஏண்டா, நாங்க சோறில்லாம எளச்சோம். நீ சோத்த வெச்சிக்கினு எளைக்கிறியா?’ என்றாள் அம்மா.

நடக்கணுமே! நல்ல ரோடு ஊர்த்தெருவில்தான். அப்பா செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போன தெரு. விடிகாலையில் ஷூ போட்டுக்கொண்டு அங்கே அரைமணி நேரம் நடந்தேன். திண்ணையிலிருந்து ஒரு குரல்: ‘காலங்காத்தால இங்க இன்னா வேல?’

‘ஒடம்பு எளைக்க நடக்கிறேன்’ என்றேன். நிற்கவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது நடையால் மட்டுமல்ல.

எட்டு மாசத்தில் ஒன்பது கிலோ குறைந்தது. இன்னும் நடக்கிறேன். முழங்கால் வலிக்கு நல்லதென்று இப்போது அம்மாவும் கூட வருகிறாள். செருப்பு போட்டுக்கொண்டுதான்.