தலைக் கணக்கு

கதை எழுதுகிறவனுக்குப் புள்ளி விவரம் எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். மாமியார் மருமகள் சண்டைக்குச் சதவிகிதம் தேவையில்லைதான். ஆனாலும் எனக்கு அதில் ஒரு சபலம் உண்டு. அதிலும் பிரயாணம் சம்பந்தப்பட்ட கணக்கு என்றால், பலகாரத் தட்டைக் கண்ட குழந்தை மாதிரி ஆகிவிடுவேன். டிக்கெட் வேண்டாம், பாஸ்போர்ட் வேண்டாம், பெட்டி கட்ட வேண்டாம். சாய்வு நாற்காலியில் படுத்தபடியே பூகோளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடலாம்.

இந்த வகைப் பிரயாணத்துக்கு ஒரு பெரியவர் முன்னோடியாக இருக்கிறார். அவர் இம்மானுவேல் கான்ட் என்ற ஜெர்மானியத் தத்துவ ஞானி. கோனிக்ஸ்பர்க் என்ற ஊரில் 1724-ல் பிறந்து, 1804-ல் அங்கேயே காலமானார். அந்தச் சுற்று வட்டாரத்தைத் தாண்டி அவர் எங்கும் போனதில்லை. ஆனால் சுமார் 40 வருஷம் சர்வகலாசாலையில் பூகோளப் பாடம் நடத்தியவர் அவர்தான்! லண்டனில் உள்ள ஒரு பாலத்தை அவர் வர்ணித்ததைக் கேட்ட இங்கிலீஷ்காரர் ஒருவர், "லண்டனில் எத்தனை வருஷம் இருந்தீர்கள்?" என்று விசாரித்தாராம். கான்ட் ஊரை விட்டு நகரவில்லை. ஆனால் ஊர் நகர்ந்துவிட்டது. இரண்டாம் உலக மகா யுத்தத்தின் முடிவில் கோனிக்ஸ்பர்க் ரஷ்யர் வசம் போயிற்று. 1946-ல் பெயரும் கலினின்கிராட் என்று மாறிற்று. ஞானியின் சமாதி இருந்த இடத்திலேயே இருந்து நாடு விட்டு நாடு போய்விட்டது.

ஓடிக் களைத்தவர்களின் கணக்கும் ருசியானதுதான். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகள் இருக்கின்றன. அங்கே வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு விமானம் போகிறது. தூரம் 3 கிலோமீட்டருக்கும் குறைவு. கால அட்டவணையில் 2 நிமிஷம். நாம் இடுப்புப் பட்டையை மாட்டி முடிப்பதற்குள் ஊர் வந்துவிடும். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு நேராகப் பறக்கும் விமானமோ சுமார் 15,300 கிலோமீட்டர் போகிறது. ஏறி உட்கார்ந்தால் 18 மணி நேரத்துக்கு மேல் எழுந்திருக்க வேலையில்லை.

உலகம் வேகமாகிக் கொண்டே போகிறது என்று சொல்கிறோமே, அதுவும் முழு உண்மை இல்லை. 1996-ல் கன்கார்டு விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 3 மணி நேரத்துக்கும் குறைவாக வந்து சேர்ந்தது. 2003-ல் அந்த விமானங்களை ஓட்டுவதை நிறுத்திவிட்டார்கள். இன்று அதே கடலைத் தாண்ட அதைப்போல் இரண்டு பங்குக்கு மேல் நேரம் பிடிக்கிறது. பேரன், தாத்தாவை விட மெதுவாகப் போகிறான்.

நாள் தொலைந்த கதைகள் இன்னும் வேடிக்கை. மகெல்லன் தலைமையில் 1519-ல் ஸ்பெயினிலிருந்து ஐந்து கப்பல்களில் 230-க்கு மேற்பட்டவர்கள் கிளம்பினார்கள். மகெல்லன் வழியில் பிலிப்பைன் தீவுகளில் கொல்லப்பட்டார். மூன்று வருஷம் கழித்து, 1522 செப்டம்பரில், விக்டோரியா என்ற ஒரே கப்பல் உலகைச் சுற்றித் திரும்பியது. அதில் வந்தவர்கள் 18 பேர். திரும்பும் வழியில் கேப் வெர்டே தீவில் உணவு வாங்க இறங்கியபோது, கப்பலில் புதன்கிழமை, கரையில் வியாழக்கிழமை! பிகாஃபெட்டா என்பவர் ஒரு நாள் கூட விடாமல் நாட்குறிப்பு எழுதி வந்திருந்தார். தம் கணக்கு எங்கே தவறிற்று என்று மனிதர் தலையைப் பிய்த்துக் கொண்டார். கணக்கு தவறவில்லை. மேற்கே மேற்கே போகிறவனுக்கு ஒவ்வொரு பகலும் கொஞ்சம் நீளும். உலகம் முழுதும் சுற்றி வந்தால் ஊரிலுள்ளவர்களை விட ஒரு சூரியோதயம் குறைவாகப் பார்த்திருப்பான்.

மகெல்லன் ஆட்கள் நாளைத் தெரியாமல் தொலைத்தார்கள். சமோவா நாட்டார் தெரிந்தே தொலைத்தார்கள். ஆஸ்திரேலியாவுடனும் நியூசிலாந்துடனும் வியாபாரம் செய்யச் சௌகரியமாக, தேதிக் கோட்டின் மறுபக்கத்துக்கு மாறிவிட்டார்கள். 2011 டிசம்பர் 29 வியாழக்கிழமை இரவு படுத்தவர்கள் 31 சனிக்கிழமை எழுந்தார்கள். அந்த வருஷம் டிசம்பர் 30-ல் பிறந்த நாள் கொண்டாட வேண்டியவர்களின் பாயசம் என்ன ஆயிற்றோ!

கணக்குக்கு ஓரவஞ்சனையும் உண்டு. ஜூல்ஸ் வெர்னின் கதாநாயகன் 80 நாளில் உலகைச் சுற்றியதை நாம் அறிவோம். அதை முறியடிக்க 1889 நவம்பரில் ஒரே நாளில் நியூயார்க்கிலிருந்து இரண்டு பெண் பத்திரிகையாளர்கள் எதிர் எதிர்த் திசையில் கிளம்பினார்கள். கிழக்கே போன நெல்லி பிளை ஒரே ஒரு கைப்பையோடு போனாள். கொழும்பில் கப்பலுக்காக ஐந்து நாள் காத்துக் கிடந்தும், 72 நாளில் திரும்பிவிட்டாள். மேற்கே போன எலிசபெத் பிஸ்லாண்டு வந்து சேர 76 நாளாயிற்று. 76-ம் 80-க்குக் குறைவுதானே? உலகம் 72-ஐ மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு 76-ஐ மறந்துவிட்டது.

இவையெல்லாம் தனி மனிதர் கணக்கு. கூட்டமாகப் போகும் பழக்கத்துக்கு வித்திட்டவர்களில் முக்கியமானவர் தாமஸ் குக் என்ற இங்கிலீஷ்காரர். 1841 ஜூலை 5-ஆம் தேதி, லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு சுமார் 500 பேரை ரயிலில் அழைத்துப் போனார். ஆளுக்கு ஒரு ஷில்லிங். போனது எதற்கு? மதுவிலக்குக் கூட்டத்துக்கு! இன்று உல்லாசப் பிரயாணம் போகிறவர்களில் எத்தனை பேர் அந்த நோக்கத்தைக் காப்பாற்றுகிறார்கள் என்ற புள்ளி விவரத்தை யாரும் எடுக்காதது நல்லதுதான்.

அந்த 500 பேர் பெருகிப் பெருகி எங்கே வந்து நிற்கிறார்கள்? நாடு விட்டு நாடு போய் வந்தவர்களின் எண்ணிக்கை 1950-ல் சுமார் 2.5 கோடி. 2019-ல் அதுவே 146 கோடி. மறு வருஷம் கொரோனா வந்தது. 40 கோடியாக விழுந்தது. 2024-ல் மறுபடியும் 140 கோடிக்கு ஏறிவிட்டது.

இந்தக் கணக்கை எதிர் வீட்டு நண்பரிடம் சொன்னேன். அவர் தணிக்கை இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். மனக் கணக்கில் புலி.

"2019-ல் உலக ஜனத்தொகை 770 கோடி சார்! அப்படியானால் ஐந்து பேருக்கு ஒருவர் வெளிநாடு போயிருக்கிறார். நாமெல்லாம் திண்ணையைத் தேய்த்துக் கொண்டிருக்கிறோம்" என்றார்.

"நீங்கள் தேய்க்கவில்லையே! 11 நாளில் 9 நாடு பார்த்துவிட்டு வந்தீர்களே?" என்றேன்.

"பத்து சார்! வாடிகனை விட்டுவிட்டீர்களே?"

"வாடிகனில் இரவு தங்கினீர்களா?"

"போப்பாண்டவரா எனக்குப் படுக்கை போடுவார்? ரோமாபுரியில் ஓட்டலில்தான் படுத்தோம்."

"அப்படியானால் வாடிகன் கணக்கு செல்லாது. ஒரு ராத்திரியாவது தங்கினால்தான் அந்த எண்ணிக்கையில் சேர்ப்பார்கள்."

வாடிகன் போனதும் நண்பரின் முகமும் வாடிவிட்டது.

"வருத்தப்படாதீர்கள். மற்ற 9 நாட்டிலும் இரவு தங்கியிருந்தால், அந்த 146 கோடி மாதிரிக் கணக்கில் நீங்கள் ஒருவரே ஒன்பது பேர்" என்று சமாதானம் சொன்னேன்.

உண்மை அதுதான். ஆட்களை அவர்கள் எண்ணுவதில்லை. ஒவ்வொரு நாட்டு வாசலிலும் உள்ளே வந்த தலைகளை எண்ணிக் கூட்டுகிறார்கள். உல்லாசமாகப் போனவரும் ஒரு தலை. வியாபாரத்துக்குப் போனவரும் ஒரு தலை. அமெரிக்காவில் மகள் பிரசவத்துக்குப் போய், ஆறு மாதம் சமையலறையை விட்டு வெளியே வராமல் பத்திய சமையல் செய்துவிட்டுத் திரும்பிய மாமியும் அந்தக் கணக்கில் ஒரு சுற்றுலாத் தலைதான்.

ஆளை எண்ணிப் பார்த்தால் படம் வேறு. 2018-ல் விமானங்கள் ஏற்றிச் சென்ற தலைகள் சுமார் 430 கோடி. ஆனால் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டதில், உலக ஜனங்களில் அந்த வருஷம் ஒரு தரமாவது விமானம் ஏறியவர்கள் நூற்றுக்கு 11 பேர்தான். வெளிநாட்டுக்குப் பறந்தவர்கள் அதிகமாய்ப் போனால் நூற்றுக்கு 4 பேர். மற்றவர்கள் நம்மோடு கூடத் திண்ணையில்தான் இருக்கிறார்கள்.

நண்பருக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது. எனக்கு இல்லை. ஏனென்றால் நாடு விட்டு நாடு வந்தும் இந்தத் தலைக் கணக்கில் சேராத ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் அகதிகள். போரினாலும் கொடுமையினாலும் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்கள் 2024 முடிவில் உலகம் முழுதும் 12.3 கோடி. இவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் சொந்த நாட்டுக்குள்ளேயே வேறு ஊரில் ஒண்டிக் கிடப்பவர்கள். மற்றவர்கள் எல்லை தாண்டியவர்கள். எல்லை தாண்டினாலும், எத்தனை ராத்திரி தங்கினாலும், இவர்கள் சுற்றுலாக் கணக்கில் வரமாட்டார்கள். இவர்களுக்கு வேறு பேரேடு.

இவர்களுக்காக முதலில் ஒரு காகிதம் தயாரித்தவர் யார் தெரியுமா? தாமாக விரும்பிக் கடுமையான பிரயாணங்கள் செய்த ஒருவர். நார்வேக்காரர் நான்சென், 1888-ல் கிரீன்லாந்தின் பனிப் பாலைவனத்தைப் பனிச் சறுக்குக் கட்டைகளில் குறுக்கே கடந்தவர். முதல் யுத்தத்துக்கு முன் ஐரோப்பாவின் பெரும் பகுதியில் பாஸ்போர்ட் இல்லாமலே போய் வர முடிந்தது. யுத்தத்துக்குப் பிறகு காகிதம் இல்லாதவன் மனிதனே இல்லை என்று ஆயிற்று. நாடு இழந்து நின்ற ரஷ்ய அகதிகளுக்காக, சர்வதேச சங்கத்தின் சார்பில் நான்சென் 1922-ல் ஏற்படுத்திய அனுமதிச் சீட்டுக்கு நான்சென் பாஸ்போர்ட் என்றே பெயர் வந்தது. அதே வருஷம் அவருக்கு நோபல் சமாதானப் பரிசும் கிடைத்தது. தானாக நடந்தவனுக்குத்தான், துரத்தப்பட்டு நடக்கிறவனின் கால் வலி புரிந்திருக்கிறது.

என் பெரியம்மாவிடம் அந்த மாதிரிக் காகிதம் எதுவும் இருக்கவில்லை. என் தகப்பனாரின் அண்ணன் மனைவி அவள். 1933-ல் ரங்கூனில் பிறந்தாள். அவள் தகப்பனார் அங்கே ஓர் அரிசி ஆலையில் கணக்குப்பிள்ளை. அவள் பிறந்தபோது பர்மா இந்தியாவின் ஒரு மாகாணம். 1937 ஏப்ரல் முதல் தேதி பர்மாவைத் தனியாகப் பிரித்தார்கள். கான்ட்டின் சமாதியைப் போலவே, நாலு வயதுக் குழந்தையும் இருந்த இடத்திலிருந்தே வெளிநாட்டுக்குப் போய்விட்டது.

1941 டிசம்பர் 23-ஆம் தேதி ரங்கூனில் ஜப்பானியர் குண்டு போட்டார்கள். அதன் பிறகு நாலைந்து லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு ஓடி வந்தார்கள். கப்பலில் இடம் கிடைத்தவர்கள் புண்ணியசாலிகள். மற்றவர்கள் நடந்தார்கள். பெரியம்மாவின் குடும்பம் மாந்தலே வரையில் ரயிலில் வந்து, சிந்த்வின் ஆற்றைத் தாண்டி, தாமுவிலிருந்து மணிப்பூர் மலைகளில் ஏறிற்று. காலரா கூடவே நடந்து வந்தது. வழியில் மாண்டவர்கள் பல ஆயிரம் பேர். எத்தனை ஆயிரம் என்று கணக்கு வைத்துக்கொள்ள அங்கே ஒரு பிகாஃபெட்டா இல்லை.

பல வருஷங்களுக்குப் பிறகு, பள்ளிக்கூடத்தில் கொடுத்த ஏதோ ஒரு படிவத்தைப் பூர்த்தி செய்து கொண்டிருந்த என் மகள், "பெரிய பாட்டி, நீங்கள் வெளிநாடு போயிருக்கிறீர்களா?" என்று கேட்டாள்.

"நான் எங்கேடி போனேன்? மதுரை, திருச்சி, ஒரு தரம் காசி. அவ்வளவுதான்."

"பர்மா?"

"அங்கே நான் போகலையே. அங்கேதானே பொறந்தேன். அங்கேருந்து வந்தேன்."

சற்றுப் பேசாமல் இருந்துவிட்டு, "பதினோரு பேர் கிளம்பினோம். ஏழு பேர் வந்து சேர்ந்தோம்" என்றாள்.

என் மகள் அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினாள். பெரியம்மா சொன்ன பதிலும் அதுதானே?

மகெல்லனின் ஆட்கள் எத்தனை பேர் கிளம்பினார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்று ஐந்நூறு வருஷம் கழித்தும் புத்தகம் எழுதுகிறார்கள். பதினொன்று, ஏழு என்ற இந்தக் கணக்கு எங்கள் வீட்டுக்கு மட்டும் தெரியும். ஒவ்வொரு தை அமாவாசைக்கும் படையல் போடும்போது பெரியம்மா நாலு இலை கூடப் போடுவாள். அவளுடைய அம்மாவுக்கு ஒன்று, இரண்டு தம்பிகளுக்கு இரண்டு, சித்தப்பாவுக்கு ஒன்று. தம்பிகளின் இலையில் மட்டும் வெல்லம் கொஞ்சம் அதிகம் இருக்கும். 2015-ல் பெரியம்மா காலமானாள். இப்போது அந்த நாலு இலையையும் என் தங்கை போடுகிறாள். பெரியம்மாவுடையதையும் சேர்த்து ஐந்து.

புள்ளி விவரம் படிக்கும் சபலம் என்னை விட்டுப் போய்விடவில்லை. அடுத்த வருஷத்து எண்ணிக்கை 150 கோடியைத் தாண்டியதா என்று நானும் எதிர் வீட்டு நண்பரும் பந்தயம் கட்டிக்கொண்டு காத்திருக்கிறோம். ஆனால் எந்த எண்ணைக் கண்டாலும் இப்போது கூடவே ஒரு விஷயத்தையும் பார்க்கத் தோன்றுகிறது. வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனவர்கள் இதில் எத்தனை பேர், கதவைத் திறந்து போட்டபடி ஓடினவர்களை எந்தப் பேரேட்டில் எழுதியிருக்கிறார்கள் என்று தேடுகிறேன். நேயர்கள் வீட்டிலும் இப்படி எழுதாமல் விட்ட கணக்கு ஒன்று இருக்கக்கூடும். வயதானவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.