உப்பளத்துச் சிறுவனின் வினா

மரக்காணத்து உப்பளங்களில் பங்குனி வெயில் காயும் காலம். பாத்திகளில் தேக்கிய உவர்நீர் வற்றி வெள்ளை பூத்துக் கிடக்கும். வரப்பெங்கும் உப்புக் குவியல்கள் மின்னும். 2018-இல் அத்தகைய ஒரு மாலைப்பொழுதில், 9-ஆம் நூற்றாண்டில் கொர்தோவா நகரத்து அறிஞர் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் இறக்கை கட்டிப் பறக்க முயன்ற வரலாற்றை, மதரஸாப் பிள்ளைகளுக்குப் பெருமிதத்தோடு சொல்லிக்கொண்டிருந்தேன். உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகன் எழுந்து நின்றான்.

"அது ஸ்பெயின் தேசத்தில், ஹஜ்ரத். நம் நாட்டில் நம்மவர் யாரேனும் போர் விமானம் ஓட்டியதுண்டா?"

எனக்கு விடை தெரியவில்லை. அதை ஒப்புக்கொள்ள நா எழவுமில்லை. "முதலில் பாடத்தைப் பார்" என்று அதட்டி உட்கார வைத்தேன்.

சில வாரங்கள் கழித்துச் செய்தித்தாளில் ஒரு மறைவுச் செய்தி கண்டேன். ஏப்ரல் 30 அன்று ஐதராபாத்தில் இத்ரீஸ் ஹசன் லத்தீஃப் தம் 94-ஆம் வயதில் காலமானார். 1923-இல் அதே நகரில் பிறந்து, 1942-இல் விமானப்படையில் சேர்ந்தவர். இங்கிலாந்தில் பயிற்சி பெற்று, இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் ஹரிகேன் விமானம் ஓட்டியவர். 1947-இல் நாடு பிரிந்தபோது, உடன் பணியாற்றிய அஸ்கர் கானும் நூர் கானும் அவரைப் பாகிஸ்தானுக்கு அழைத்தனர். அவ்விருவரும் பின்னாளில் அந்நாட்டு விமானப்படைக்குத் தலைமை தாங்கியோர். லத்தீஃபோ, மார்க்கம் வேறு, நாடு வேறு என்று தெளிந்து இங்கேயே நின்றார். 1978 முதல் 1981 வரை இந்திய விமானப்படையின் தளபதியாக விளங்கினார். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லும் மண்ணுக்கு அவர் வாழ்வே ஓர் உரை.

மறுநாள் அச்சிறுவனை அழைத்து, யாவற்றையும் எடுத்துரைத்தேன். ஓசையின்றிக் கேட்டவன், பிறகு மெல்லச் சொன்னான்: "பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஒருவன், 'உங்கள் ஆட்கள் எந்த நாட்டுக்காகப் பறப்பார்கள்?' என்று கேட்டான், ஹஜ்ரத். அதனால்தான் அன்று கேட்டேன்."

அத்தனை வாரங்களும் அவ்வினாவை அவன் தனியே சுமந்திருக்கிறான். 'தெரியாது' என்பது அறிவில் பாதி என்று ஓதும் பருவத்திலேயே கற்றவன் நான். அந்தப் பாதியை அன்று அவனுக்குக் கொடுத்திருந்தால், மீதிப் பாதியை இருவருமாகத் தேடியிருப்போம். அவன் கையைப் பற்றி, "என்னை மன்னித்துவிடு, தம்பி" என்றேன்.

அவன் நாணிச் சிரித்தான். "அந்தப் பெயரை எழுதிக் கொடுங்கள், ஹஜ்ரத். அத்தாவிடம் காட்ட வேண்டும்" என்றான்.