புழுதித் தடமும் அதன் விளிம்பும்

மல்லாவிப் பக்கத்தில் வளர்ந்தோர்க்குப் பந்தயம் என்றவுடன் மாட்டுவண்டிச் சவாரியே நினைவில் எழும். புழுதி கிளம்ப எருதுகள் பாய்ந்து வருகையில் கூட்டம் முன்னே நெருங்குவதும், பெரியோர் அதட்டிப் பின்தள்ளுவதும் சவாரித் திடலின் வழமை. அருகே நின்று காண்பதிலேதான் சுவை என்பது மனித இயல்பு போலும். மண் தடத்தில் நிகழும் மோட்டார்ப் பந்தயத்தின் கவர்ச்சியும் இதுவே.

இப்பந்தயம் செல்வர் மாளிகையிற் பிறந்ததன்று. அமெரிக்காவின் தென்மாநிலங்களிற் கள்ளச்சாராயம் கடத்தியோர், காவலரிடமிருந்து தப்புதற்பொருட்டு வேகம் கூட்டிய சாதாரண கார்கள் இதன் முன்னோடிகளுள் அடங்கும். 1948 இல் நாஸ்கார் சங்கம் தோன்றியது. பொதுமக்கள் வாங்கும் கார்களையொத்த கார்களுக்கான அதன் முதற்போட்டி 1949 யூன் 19 அன்று சார்லட் நகர மண் தடத்தில் நடைபெற்றது. பின்னர் தார்த் தடங்கள் பெருகின. 1970 இல் மண்ணை விட்டு நீங்கிய அதன் முதன்மைத் தொடர், 2021 இலேயே மீண்டும் மண்ணுக்குத் திரும்பியது.

இலங்கையில் இத்தகைய மண் தடத்துக்குப் பேர்பெற்ற சிற்றூர் பதுளை மாவட்டத்துத் தியத்தலாவ ஆகும். 1900 இல் போயர் போர்க் கைதிகள் அடைக்கப்பட்ட இப்படைநகரில், 'பொக்ஸ்' என்னும் பிரித்தானியக் கப்பலினர் வெண்கற்களால் நரியுருவொன்றை அமைத்த குன்றே பொக்ஸ் ஹில். அங்கு இராணுவக் கல்லூரியின் ஆதரவில் நடைபெற்றுவந்த பந்தயம், சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் மலைநாட்டின் பெருவிழாக்களுள் ஒன்றாயிற்று. குன்றின் சரிவே பார்வையாளரின் அரங்கு.

2019 இன் பின் தடைப்பட்டிருந்த அப்பந்தயம் 2024 ஏப்பிரல் 21 அன்று மீண்டும் நடைபெற்றது. மக்கள் பெருந்திரளாகக் கூடினர். தடத்தை விட்டு விலகிய காரொன்று கூட்டத்தினுள் பாய்ந்ததில் எழுவர் மாண்டனர்; இருபதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். இறந்தோருள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் அடங்குவாள். தலைக்கவசமும் இருக்கைப் பட்டியும் ஓட்டுநருக்கு உண்டு. சரிவில் நின்ற குழந்தைக்கு எது உண்டு?

இத்துயரம் உலகுக்குப் புதிதன்று. 1955 இல் பிரான்சின் லெமான் பந்தயத்தில் எண்பதுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். அதன் விளைவாகச் சுவிற்சர்லாந்து தடப் பந்தயங்களையே தடைசெய்தது. எனினும், பொழுதுபோக்கு அரிதான ஊர்களில் விழாவொன்றை அழித்துவிடுதல் முழுமையான விடையாகாது. ஓட்டுநர் ஆபத்தைத் தெரிந்தே ஏற்கிறார். பார்வையாளரோ மகிழ்வதற்கு மட்டுமே வருகின்றனர். ஆதலின், பந்தயத் தடத்தை வகுப்போர் முதலில் அளக்கவேண்டியது கார் ஓடும் தூரத்தையன்று. காருக்கும் மக்களுக்கும் இடைப்பட்ட தூரத்தையே. சவாரித் திடலில் அதட்டிப் பின்தள்ளிய பெரியோர் அறிந்திருந்த உண்மையும் அதுவே.