வானம்பாடிக்குப் பின் ழ

சிற்றிதழ்களின் பொருளடக்கங்களைத் தட்டச்சு செய்து ஓர் அட்டவணையாகத் தொகுக்கும் வேலையை நாங்கள் சிலர் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறோம். இதழின் பெயர், மாதம், தலைப்பு, எழுதியவர், அவ்வளவுதான். பதிவுகள் பல ஆயிரமாகப் பெருகியபின், மாத வாடகைக்கு யாரிடமோ இடம் பிடிப்பதை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒரு சிறு கணினியில் வைத்துக்கொள்வது என்று தீர்மானித்தோம். உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய, விசிறி இல்லாத பெட்டி. 8 ஜிபி நினைவகம்; பலகையோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்ட 64 ஜிபி சேமிப்பு. அதற்குள் மூன்று மெய்நிகர் வழங்கிகள்: வலைப்பக்கத்துக்கு ஒன்று, தரவுத்தளத்துக்கு ஒன்று, காப்புப் பிரதிக்கு ஒன்று. ஒன்று படுத்தாலும் மற்றவை பிழைத்திருக்கும் என்ற கணக்கு. பெட்டி வாங்க ஒரு நாள் போதுமாக இருந்தது. அதில் எந்த லினக்ஸ் வழங்கலை ஏற்றுவது என்று முடிவுசெய்ய ஒரு மழைக்காலம் முழுவதும் ஆயிற்று.

சென்ட்ஓஎஸ் முதலிலேயே கழிந்துபோனது. அதன் 8ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு என்று நம்பியிருந்தவர்களிடம், 2021 முடிவோடு அது நிறுத்தப்படும் என்று 2020 டிசம்பரில் அறிவித்தார்கள். அந்த இடத்தை நிரப்ப ராக்கி, அல்மா என இரண்டு வழங்கல்கள் பிறந்தன. நல்லவைதாம், ஆனால் எங்கள் பெட்டிக்குப் பெரியவை. ஓப்பன்டபிள்யூஆர்டி வலைத்திசைவிகளுக்கு ஏற்றது; தரவுத்தளத்தை அதன் தலையில் கட்டுவது நியாயமாகப் படவில்லை. மிஞ்சியவை டெபியனும் ஆல்பைனும்.

எங்களில் இளையவர் ஆல்பைன் பக்கம். அவருடைய வாதத்தை மறுப்பது கடினமாக இருந்தது. கொள்கலனாக இயங்கும்போது 8 மெகாபைட்டுக்கு மிகாது. வட்டில் நிறுவினாலும் குறைந்தபட்சம் சுமார் 130 மெகாபைட் போதும். டெபியன் அதைப்போலப் பல மடங்கு இடம் கேட்கும். இன்னொன்று, ஆல்பைனை முழுவதுமாக நினைவகத்தில் ஏற்றி ஓட்டலாம். நாம் சேமிக்கச் சொன்னால் மட்டுமே சேமிப்பில் எழுதும். நாளுக்கு இருமுறை மின்சாரம் போகும் தெருவில், பற்றவைத்த சேமிப்பின் ஆயுளைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மூன்று வழங்கிகளிலும் ஆல்பைனே ஏறியது. பெட்டி சூடாகக்கூட இல்லை.

முதன்முதலாக இதழ்ப் பெயர்களின் அகரவரிசையை அச்செடுத்தபோதுதான் இடறியது. கசடதபற, கணையாழி, கனவு, கவனம் என்று வரிசை ஓடியது. கவனத்துக்கு முன் கனவு வரக்கூடாது. னகரம் நம் நெடுங்கணக்கில் கடைசி எழுத்து. கீழே போனால், வானம்பாடிக்கு முன்னால் ஆத்மாநாமின் 'ழ' நின்றுகொண்டிருந்தது. தன் பெயரையே வல்லின வரிசையாக வைத்துக்கொண்ட 'கசடதபற' இருக்கும் பட்டியலில் இப்படி நேர்ந்தது எங்களுக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

காரணம் பழையது. ஒருங்குறியில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள், 1988இல் வந்த இஸ்கி என்னும் இந்தியக் குறியீட்டு முறையின் அமைப்பைப் பின்பற்றியவை. இந்திய எழுத்துகள் எல்லாவற்றையும் தேவநாகரியோடு பொருத்தி நிறுத்தியது அந்த முறை. அதனால் நகரத்துக்குப் பக்கத்தில் னகரம், ரகரத்துக்குப் பக்கத்தில் றகரம், லகரத்தை அடுத்து ளவும் ழவும், அப்புறம்தான் வகரம். எண்களைப் பார்த்து வரிசைப்படுத்தினால் மறதி மலருக்கு முன்னே வரும். மனம் மயிலுக்கு முன்னே வரும். ஆகவே மொழியறிந்து வரிசைப்படுத்தும் அட்டவணை ஒன்று இயங்குதளத்தில் தனியாக இருக்கவேண்டும். டெபியனின் அடித்தளமான ஜிலிப்சி நூலகத்தில் அது இருக்கிறது; இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் இரண்டுக்கும் இடவமைவுகள் உண்டு. ஆல்பைன் 2014 முதல் மசல் என்னும் நூலகத்தின்மீது நிற்கிறது. சிறிதாகவும் எளிதாகவும் இருப்பதே மசலின் கொள்கை. எந்த மொழியின் பெயரைச் சொன்னாலும் மறுக்காது. ஆனால் எழுத்துகளை எண் வரிசையிலேயே அடுக்கும். 130 மெகாபைட்டின் சிக்கனத்தில் எங்கள் நெடுங்கணக்கும் விடுபட்டவற்றுள் ஒன்று.

தரவுத்தளத்தை மட்டும் டெபியனுக்கு மாற்றினோம். அப்போதைய நிலைப் பதிப்பு 2023 ஜூனில் வெளிவந்த 12ஆவது. பொம்மைகள் பேசும் ஒரு திரைப்படத் தொடரின் பாத்திரங்களைத் தம் பதிப்புகளுக்குப் பெயராகச் சூட்டுவது டெபியன்காரர்களின் வழக்கம். இந்தப் பதிப்பின் பெயர் புக்வார்ம், அதாவது புத்தகப்புழு. எங்களுக்கென்றே வைத்த பெயர் என்று சிரித்துக்கொண்டோம். அந்தச் சிரிப்பில் ஒரு தவறு செய்தோம்.

தரவுகளை உரை வடிவில் இறக்கி மறுபடி ஏற்றுவதுதான் முறை. நாங்கள் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் கோப்புறையை அப்படியே தூக்கி வைத்தோம். பதிப்பு எண் ஒன்றுதானே என்ற தைரியம். தமிழ் இடவமைவு இல்லாமல் முதலில் எழ மறுத்தது. உருவாக்கிக் கொடுத்ததும் எழுந்துவிட்டது. ஓர் எச்சரிக்கைகூட வரவில்லை. பல வாரங்கள் நன்றாகவே ஓடியது.

ஒருநாள் இரவு எங்கள் குழுவின் மூத்தவர் அழைத்தார். வாழ்நாளெல்லாம் நூலகத்தில் வேலை பார்த்தவர். "தம்பி, 'கனவு' நம்ம கிட்ட இல்லையா? நானே தட்டச்சு பண்ணிக் கொடுத்தேனே."

"இருக்கே ஐயா, நேத்துகூடப் பட்டியல்ல பார்த்தேன்."

"பட்டியல்ல இருக்கு. தேடினா இல்லைங்குது."

அவர் சொன்னதே நடந்துகொண்டிருந்தது. தேடலுக்கான சுட்டு அட்டவணை ஆல்பைனில் எண் வரிசைப்படி கட்டப்பட்டது. டெபியன் அதை நெடுங்கணக்கு வரிசை என்று நம்பித் தேடியது. கவனத்தைப் பார்த்ததும், கனவு இதற்குப் பிறகுதான் இருக்கவேண்டும் என்று வலப்பக்கம் நகர்ந்தது. அங்கே காணாமல், இல்லை என்று அறிவித்துவிட்டது. அடுக்கு மாறிய நூலகத்தில் பழக்கதோஷத்தில் நேரே போய் நின்று வெறுங்கையோடு திரும்பும் ஊழியரைப்போல. பதிவு அழிந்திருந்தால் காப்புப் பிரதியிலிருந்து மீட்டிருப்போம். இருக்கிற ஒன்றை இல்லை என்று சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? எங்களிடம் தேடி இல்லை என்று கண்ட ஆய்வு மாணவர் ஒருவர், அந்த இதழ் அப்படி ஒரு கட்டுரையை வெளியிடவே இல்லை என்று எழுதிவிட வாய்ப்பிருந்தது. அந்த எண்ணம் அன்றிரவு தூங்கவிடவில்லை.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததும் அன்று. 2018இல் ஜிலிப்சியின் 2.28ஆம் பதிப்பு பல மொழிகளின் வரிசை முறையை மாற்றியது. 2019இல் டெபியன் 9இலிருந்து 10க்கு ஏறியவர்கள் சுட்டுகளை மறுபடி கட்டவேண்டியிருந்தது.

நாங்களும் கட்டினோம், உடனே முடியவில்லை. இருப்பது இல்லையென்று தெரிந்ததால், சில இதழ்களை எங்களிலேயே இருவர் புதிதாக மறுபடி உள்ளிட்டிருந்தார்கள். ஒரே பதிவு இரண்டு இருக்கக்கூடாது என்ற விதியும் அதே பழுதான சுட்டைத்தான் நம்பியிருந்தது. இப்போது விதி விழித்துக்கொண்டு, இரட்டைகளை நீக்காமல் சுட்டைக் கட்டமாட்டேன் என்றது. எது சரியான பதிவு என்று அறிய மூல இதழ்களைப் புரட்டவேண்டும். சிலவற்றின் தாள் தொட்டால் உதிர்ந்தது. இரண்டில் எழுதியவரின் பெயரே வேறாக இருந்தது. முதலில் உள்ளிட்டவர் தலைப்பெழுத்தைத் தவறாகப் படித்திருந்தார். அந்தப் பிழை இந்த விபத்தில்லாமல் வெளிப்பட்டிருக்காது என்று மூத்தவர் ஆறுதல் சொன்னார். எங்களுக்கு அது அப்போது ஆறுதலாகப் படவில்லை.

இப்போது தரவுத்தளம் டெபியனில் இருக்கிறது; மற்ற இரண்டும் ஆல்பைனிலேயே. வரிசைப்படுத்தும் பொறுப்பை இயங்குதளத்திடமிருந்து வாங்கி ஐசியூ என்னும் தனி நூலகத்திடம் கொடுத்திருக்கிறோம். 2017இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்தே போஸ்ட்கிரெஸ் அதற்கு வழிசெய்திருக்கிறது. அதன் பதிப்பு மாறினால் தரவுத்தளம் குறித்துவைத்திருந்து எச்சரிக்கும். அப்படியானால் ஆல்பைனுக்கே திரும்பிவிடலாமே என்று இளையவர் மாதம் ஒருமுறை கேட்கிறார். அவர் கேட்பதிலும் தவறில்லை.

புதிய பட்டியலை அச்செடுத்து மூத்தவருக்கு அனுப்பினோம். கவனம், கனவு சரி. வானம்பாடிக்குப் பின் ழ, அதுவும் சரி என்றார். ஆசிரியர் பெயர்களுக்கு வந்ததும் நிறுத்தினார். ஜானகிராமனும் ஜெயகாந்தனும் எல்லாருக்கும் கடைசியில், னகரத்தையும் தாண்டிக் கிரந்த வரிசையில் நின்றார்கள். அவருடைய நூலகத்து அட்டைப் பெட்டியில் ஜகரம் சகரத்துக்குப் பின்னால்தான் இருந்ததாம். அதை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.