கேமராவுக்கு எஞ்சிய வேலை

காவிரி டெல்டாவில் படம் எடுக்கும் தொழில் இன்று இரண்டு கருவிகளோடு நடக்கிறது. ஒன்று தோளில் தொங்கும் கேமரா. மற்றொன்று எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கும் செல்போன். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் கடைத்தெருக்களின் ஸ்டூடியோக்களிலும், முகூர்த்த நாளில் கல்யாண மண்டபங்களிலும் சற்று நேரம் நின்று பார்த்தால், எந்த வேலை எந்தக் கருவிக்குப் போயிருக்கிறது என்பது புரிந்துவிடும். வெளிச்சம் எவ்வளவு, ஆள் எவ்வளவு தூரத்தில், படத்தை எவ்வளவு பெரிதாக்க வேண்டும், அது எத்தனை காலம் இருக்க வேண்டும் என்ற நான்கு கேள்விகள்தான் வேலையைப் பிரிக்கின்றன. கருவியின் விலை அதற்குப் பிறகுதான்.

தஞ்சையின் மிகப் பழைய ஒளிப்படப் பணிகளில் ஒன்று பெரிய கோயிலில் நடந்தது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரரான கேப்டன் லின்னேயஸ் ட்ரைப், தஞ்சாவூரிலும் திருவையாற்றிலும் எடுத்த படங்கள் 1858-ல் தொகுப்பாக வந்தன. விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, அச்சுகளை வரிசையாக ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே தொடர்படம் ஆக்கினார். இன்று செல்போனைக் கையில் பிடித்து மெல்லத் திருப்பினால் கிடைக்கும் பனோரமாவை அவர் மெழுகுத் தாள் நெகட்டிவ்களையும் பசையையும் கொண்டு செய்தார். படம் பதிய நெடுநேரம் பிடித்ததால், அசையாத கல் அந்தக் கால முறைக்கு ஏற்ற பொருளாக இருந்தது.

பின்னர் வந்தவை ஸ்டூடியோக்கள். திரைச்சீலை, நாற்காலி, பூஞ்சாடி, இருட்டறை, நெகட்டிவ் உறைகள் என்று அந்தத் தொழில் பல தலைமுறை ஓடியது. உதகையில் 1960-ல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் தயாரித்தது. 36 படத்துக்கு ஒரு ரோல் என்ற கணக்கில் ஒவ்வொரு சொடுக்குக்கும் செலவு இருந்ததால், எப்போது சொடுக்குவது என்று தெரிந்தவருக்குத்தான் கேமரா கொடுக்கப்பட்டது. டிஜிட்டல் வந்ததும் அந்தச் செலவு போனது. செல்போன் வந்ததும் கேமரா வாங்கும் செலவும் போனது. ஜப்பான் கேமரா உற்பத்தியாளர் சங்கமான ‘சிபா’ கணக்கின்படி, 2010-ல் உலகெங்கும் அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் சுமார் 12 கோடியே 10 லட்சம். 2023-ல் அது 80 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. மறைந்தவற்றில் பெரும்பகுதி சட்டைப்பையில் வைக்கும் சிறு கேமராக்கள். ஸ்டூடியோக்காரர் தோளில் போடும் பெரிய கேமரா நிலைத்துவிட்டது.

நிலைத்ததற்குக் காரணம் அளவு. முழு ஃப்ரேம் கேமராவின் சென்சார் 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் உடையது, பரப்பு 864 சதுர மி.மீ. விலை உயர்ந்த செல்போன் பலவற்றில் உள்ள முதன்மைச் சென்சாரின் பரப்பு ஏறக்குறைய 72 சதுர மி.மீ., அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. லென்ஸிலும் இதே கதைதான். 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8 அளவுக்குத் திறந்தால் வெளிச்சம் நுழையும் துவாரம் 47 மி.மீ. அகலம். செல்போனிலும் எஃப் 1.8 என்றே எழுதியிருக்கும். ஆனால் அதன் குவியத் தூரம் 7 மி.மீ. அளவே என்பதால் துவாரம் 4 மி.மீ.க்கும் குறைவு. பெரிய துவாரம் முகத்தைத் துலக்கமாக வைத்துப் பின்புலத்தைத் தானாகக் கரைத்துவிடும். செல்போனுக்கு அது இயலாது.

இயலாததைச் செல்போன் கணக்குப் போட்டு ஈடுகட்டுகிறது. பொத்தானை ஒருமுறை தொட்டால் அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, புள்ளி இரைச்சலைக் கழித்து, ஒரே படமாகத் தருகிறது. கூகுள் 2018-ல் தன் பிக்ஸல் போன்களில் கொண்டுவந்த இரவுப்பட வசதி இதன் வளர்ச்சி. பின்புலத்தைக் கரைக்கும் போர்ட்ரெய்ட் வசதியும் கணக்குதான்: எது முன்னால், எது பின்னால் என்று ஊகித்துப் பின்னாலிருப்பதை மங்கலாக்குகிறது. நின்று சிரிக்கும் ஆளுக்கு இது போதும். மணப்பெண்ணின் ஜடையில் தொங்கும் குஞ்சலமும், நெற்றிச்சுட்டியின் ஓரமும், காதோரம் பறக்கும் முடியும் பல நேரங்களில் பின்புலத்தோடு சேர்ந்து கரைந்துபோவதை, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் காணலாம்.

மண்டபத்தில்

இரண்டு கருவிகளும் நேருக்கு நேர் நிற்கும் இடம் கல்யாண மேடை. கெட்டிமேளம் தொடங்கியதும் உறவினர் அத்தனை பேரும் செல்போனை உயர்த்துகிறார்கள். அந்தக் கைகளுக்கு நடுவே வழி பார்த்து, “சித்தி, போனைக் கொஞ்சம் இறக்கிக்குங்க, அண்ணே, ஒரு நிமிஷம்” என்று கேட்டுக்கொண்டே ஒருவர் மேடையோரம் அகலக்கோண லென்ஸோடு நிற்கிறார். இன்னொருவர் கூட்டத்துக்குப் பின்னால் நாற்காலி மேல் ஏறி, 70–200 லென்ஸோடு காத்திருக்கிறார். மூன்று முடிச்சும் விழ ஆகும் நேரம் சில நொடிகள். திரும்ப எடுக்க வழியில்லை.

அந்த நொடிகளில் மேடை மேல் ஹோமப் புகை, அட்சதை பறக்கிறது, எல்.இ.டி. விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கின்றன. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். தவறான ஷட்டர் வேகத்தில் எடுத்த படத்தில் கறுப்புப் பட்டைகள் விழும். தொழில்காரர் ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் வைத்து அதைத் தவிர்க்கிறார். வேகம் வேண்டுமென்றால் ஃப்ளாஷை வெள்ளைக் கூரையின்மேல் அடித்து, அங்கிருந்து இறங்கும் மென்மையான ஒளியை வாங்குகிறார். செல்போனின் சிறு விளக்கு சில அடி தூரத்துக்கு மேல் எட்டாது.

கருவிகளின் வேறுபாட்டைக் கண்ணால் காண, மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தவில்காரரின் வலக்கையைப் பார்க்கலாம். விரல்களில் கூடு மாட்டி அவர் தீர்மானம் வாசிக்கும்போது, மண்டப வெளிச்சத்தில் செல்போன் எடுத்த படத்தில் கை இருக்கும் இடத்தில் ஒரு மங்கிய வெள்ளை விசிறி தெரிகிறது. பல படங்களைச் சேர்த்ததால் சில நேரம் ஒரு விரல் இரண்டாகவும் விழுகிறது. கேமராவில் 1/500-க்கு ஏற்றி எடுத்தால் ஒவ்வொரு கூடும் தனித்தனியே நிற்கிறது. தை மாதம் திருவையாற்றில் நடக்கும் தியாகராஜர் ஆராதனையில் வேறொரு தேவையும் சேர்கிறது: பாடிக்கொண்டிருப்பவர்களின் காதில் ஷட்டர் சத்தம் விழக்கூடாது. கண்ணாடியில்லாத மிரர்லெஸ் கேமராக்களை ஓசையில்லாமல் இயக்க முடிவது, அவை தொழில்காரர்களிடம் விரைவில் பரவியதற்கு ஒரு காரணம்.

பகல் வெளிச்சத்தில் நிலைமை மாறுகிறது. வாசல் கோலம், பந்தி, குழந்தைகளின் ஓட்டம், மாப்பிள்ளை அழைப்பு ஆகியவற்றை உறவினர் எடுக்கும் செல்போன் படங்களே வீட்டாருக்குப் பெரும்பாலும் போதுமானவை. அன்று மாலைக்குள் ஸ்டேட்டஸில் போக வேண்டிய ரீல்ஸுக்காக, செல்போனை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பையன் கேமராக்காரர் குழுவிலேயே இருப்பது இப்போது வழக்கமாகிவிட்டது.

அச்சில்

செல்போன் திரையில் நன்றாகத் தெரியும் படம் தாளில் ஏறும்போதுதான் அளவு கேட்கிறது. கல்யாண ஆல்பங்களில் பரவலான 12×36 அங்குலத் தாளை எடுத்துக்கொள்ளலாம். 12 மெகாபிக்ஸல் படத்தின் அகலம் 4,000 புள்ளிகள். அதை 36 அங்குலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 111 புள்ளிதான் விழும். 24 மெகாபிக்ஸல் கேமரா 6,000 புள்ளி தருவதால் அது 167 ஆகிறது. கையில் வைத்துப் பார்க்கும் அச்சுக்கு 300 புள்ளி வேண்டும் என்பது அச்சகத்தார் கணக்கு. அதனால்தான் ஆல்பம் வடிவமைப்பவர் ஒரே படத்தைத் தாள் முழுதும் பரப்பத் தயங்கி, ஐந்தாறு படங்களை அடுக்குகிறார். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் வழியிலேயே சுருங்கிவிடுவதால், அது ஒரு மூலையில்தான் இடம்பெற முடியும்.

ஃப்ளெக்ஸ் பேனருக்கு இந்தக் கவலை இல்லை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, வரவேற்பு எதுவானாலும் தெருமுனையில் பல அடி தள்ளி நின்று பார்ப்பது என்பதால், அதற்குச் செல்போன் படமே போதும்.

ஸ்டூடியோவுக்கு வரும் வேலைகளில் மிகக் கடினமானது, இறந்தவரின் மாலை போட்ட படம். வீட்டார் கொண்டுவருவது பெரும்பாலும் ஏதோ ஒரு விசேஷத்தில் எடுத்த கூட்டுப்படம். பத்துப் பன்னிரண்டு பேர் நிற்கும் படத்தில் ஒரு முகத்துக்குக் கிடைப்பது சில நூறு புள்ளிகளே. அதைச் சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக்க வேண்டும். பின்னால் நிற்பவரின் தோளை அழிக்க வேண்டும். வேட்டி சட்டை சேர்க்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு மென்பொருள் முகத்தைத் துலக்குகிறது, ஆனால் இல்லாத விவரத்தைத் தானாக இட்டு நிரப்புகிறது. பல்வரிசையோ புருவமோ மாறினால் மகளும் மருமகளும் உடனே கண்டுகொள்வார்கள். எனவே கை வேலை இன்னும் நிற்கிறது. பாஸ்போர்ட் சேவை மையங்களும் ஆதார் மையங்களும் படத்தைத் தாமே எடுத்துக்கொள்வதால் ஸ்டூடியோ இழந்த சில்லறை வரும்படியில் ஒரு பகுதியை இது ஈடுசெய்கிறது.

தங்கமும் கல்லும்

தஞ்சாவூர் ஓவியம் படம் எடுப்பவரைச் சோதிக்கும் பொருள். மக்கு எனும் பசை வைத்துப் புடைப்பாக்கிய பரப்பின்மேல் தங்கத் தகடு, நடுவே கற்கள், முன்னால் கண்ணாடி. நேரே விளக்கு போட்டால் தங்கத்தில் வெண்பொட்டு விழுகிறது. விளக்கை விலக்கினால் தங்கம் பழுப்பாகிவிடுகிறது. கண்ணாடியின் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் உலோகப் பளபளப்பைப் பெரிதாகத் தொடாது. எடுக்கத் தெரிந்தவர் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, ஒரு பக்கம் ஜன்னலில் வெள்ளை வேட்டியைக் கட்டி வெளிச்சத்தைப் பரப்பி, மறுபக்கம் வெள்ளைத் தெர்மோகோல் வைத்து, சற்றுத் தள்ளி நின்று எடுக்கிறார். அப்போது புடைப்பு நிழலோடு தெரிகிறது; தங்கமும் தங்கமாகத் தெரிகிறது. இப்படி ஒளியைக் கட்டிவிட்டால் செல்போனும் விற்பனைக்கு வேண்டிய படத்தைத் தந்துவிடும். ஆனால் அருகில் போய் அகலக்கோணத்தில் எடுக்கக்கூடாது, சட்டம் வளைந்துவிடும். வாடிக்கையாளருக்கு அனுப்ப செல்போன், புத்தகத்துக்கும் கேட்டலாக்குக்கும் கேமரா என்று இங்கே வேலை பிரிகிறது. சுவாமிமலைச் சிற்பக்கூடங்களிலும் வார்ப்புக்கு முன் மெழுகு உருவைக் காட்டி ஒப்புதல் வாங்கச் செல்போன் படமே போகிறது.

கோயில்களில் முதலில் விதிமுறை வருகிறது. கோயிலுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கும்படி சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் அறநிலையத் துறைக்கு உத்தரவிட்டது. பெரிய கோயில் போன்ற தொல்லியல் துறைச் சின்னங்களில் கையில் பிடித்து எடுக்கலாம். முக்காலி வைக்கவும் ட்ரோன் பறக்கவிடவும் தனி அனுமதி வேண்டும். தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலின் அடித்தளத்தில் உள்ள நாயன்மார் சிற்பங்கள் சிறியவை. செல்போனோடு நெருங்கினால் எடுப்பவர் நிழலே கல்லில் விழும். தள்ளி நின்று நீள லென்ஸில், வெயில் பக்கவாட்டில் சாயும் நேரத்தில் எடுத்தால்தான் உளி வேலை எழும்புகிறது. 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்த சோழர் ஓவியங்கள் பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய குறுகிய திருச்சுற்றில் உள்ளன. பொதுமக்களுக்கு அனுமதி இல்லாத அந்த இடத்தில் பின்வாங்கி நிற்க இடமே இல்லாததால், பகுதி பகுதியாக எடுத்துக் கணினியில் இணைப்பதே வழி. ட்ரைப் செய்ததும் அதைத்தான்.

பொறுமையாக எடுத்து, எண் போட்டு, பாதுகாத்து வைத்த படம் என்ன செய்யும் என்பதற்குச் சான்று ஸ்ரீபுரந்தான். கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர் மாவட்டத்திலுள்ள அந்த ஊர்க் கோயிலின் நடராசர் சிலை திருடப்பட்டு, 2008-ல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தால் வாங்கப்பட்டது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தன் கோயில் பட ஆவணத்தில் வைத்திருந்த பழைய படத்தோடு ஒப்பிட்டபோது இரண்டும் ஒன்றெனத் தெரிந்தது. 2014-ல் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது.

வயலில்

வயலில் செல்போன் முன்னே நிற்கிறது. சென்சார் சிறியதாக இருப்பதால் அருகிலிருந்து எடுக்கும்போதும் இலை முழுதும் துலக்கமாக விழும். குலைநோயின் கண்வடிவப் புள்ளியையோ, தூரடியில் புகையான் பூச்சி கூடியிருப்பதையோ எடுத்து வேளாண் அலுவலருக்கு உடனே அனுப்ப முடிகிறது. பெரிய கேமராவில் இதே நெருக்கத்தில் இலையின் ஒரு பகுதி மங்கிவிடும். படத்தோடு நேரமும் இடமும் பதிவாவது செல்போனின் இரண்டாவது பலம். பயிர்க் காப்பீட்டுக்கான அறுவடைப் பரிசோதனைகள் செயலி வழியே படத்தோடு பதிவாகின்றன. நூறு நாள் வேலையில் வருகையை இடக்குறியுள்ள படமாகப் பதிவது 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்டது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா புயல் கரை கடந்து தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, சேதத்தின் பெரும்பகுதியை உலகம் கண்டது அங்கிருந்தவர்களின் செல்போன்கள் வழியாகத்தான். எந்தத் தொழில்காரரும் அத்தனை ஊரில் அந்த விடியலில் நின்றிருக்க முடியாது.

பராமரிப்பும் பாதுகாப்பும்

டெல்டாவின் ஈரக்காற்று லென்ஸுக்குப் பகை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பையிலேயே கிடக்கும் லென்ஸுக்குள் பூஞ்சை நூல் ஓடும். சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாப் பெட்டியோ, மின்சார உலர்பெட்டியோ தொழில்காரருக்கு அவசியம். ஆடி, மார்கழியில் கல்யாணம் இல்லாததால், கருவிகளைத் துடைத்துச் சரிபார்ப்பதும் மிஞ்சிய ஆல்பங்களை முடிப்பதும் அந்த மாதங்களில் நடக்கும்.

படத்தைக் காப்பதில் இரு தரப்புக்கும் பழக்கம் வேறு. தொழில்முறைக் கேமரா பலவற்றில் இரண்டு கார்டு போட இடமுண்டு. ஒரே படம் இரண்டிலும் பதியும். இரவே ஹார்ட் டிஸ்க்குக்கு மாறும். செல்போன் படங்களோ போன் தொலைந்தால், நீரில் விழுந்தால், புதிய போன் வாங்கினால் போய்விடக்கூடும். ஆண்டுக்கு ஒருமுறை வேண்டியவற்றைப் பிரித்து, ஒரு படி வீட்டு டிஸ்க்கிலும் ஒரு படி இணையச் சேமிப்பிலும் வைத்து, முக்கியமானவற்றை அச்செடுத்தால் இந்தக் குறை தீரும்.

ஆகவே புதிதாகக் கருவி வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது தன் வேலையை. பகல் வெளிச்சம், கைக்கெட்டும் தூரம், திரையில் பார்க்கும் அளவு என்றால் செல்போனே போதும். மிச்சப் பணத்தை ஒரு சிறு முக்காலிக்கும் சேமிப்புக்கும் செலவிடலாம். இருட்டு மண்டபம், எட்டாத மேடை, பெரிய அச்சு, நெடுநாள் ஆவணம் ஆகியவற்றில் இரண்டு சேர்ந்தாலே தனிக் கேமரா வேண்டும். அப்போதும் பணத்தின் பெரும்பகுதி உடலைவிட லென்ஸுக்கும் விளக்குக்கும் போவதே நல்லது என்பது இத்தொழிலில் ஊறியவர்கள் சொல்லும் கணக்கு. கேமரா உடல் சில ஆண்டுகளில் பழசாகிவிடும். நல்ல லென்ஸ் அடுத்த கேமராவிலும் மாட்டும்.